ஏசாயாவின் இறந்தகாலம்

எங்கள் வீட்டில் எந்தக் குற்றத்துக்கும் மன்னிப்பு இருந்தது, இலக்கணப் பிழைக்கு மட்டும் கிடையாது. அப்பா கோப்பாயில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பித்தார். சம்பளம் தந்தது பாடசாலை என்றாலும் அவர் திருத்தியது ஊர் முழுவதையும். கலியாணக் காட் வந்தால் மாப்பிள்ளை யார், பொம்பிளை யார் என்று பார்க்க முன்பு ஒற்றுப் பிழை பார்ப்பார். கோயிலில் போதகர் நீளமாக ஜெபிக்கும்போது எழுவாயும் பயனிலையும் ஒன்றோடொன்று கோபித்துக்கொண்டால், கண்ணை மூடிக்கொண்டிருக்கும் அப்பாவின் நெற்றி சுருங்கும். நாங்கள் மிசன் காலத்திலிருந்தே வேதக்காரர், கிறிஸ்தவர்கள். ஆனாலும் அப்பாவுக்குக் கடவுளுக்கு அடுத்தபடி தொல்லை கொடுத்தது தமிழ்தான்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒருபோதும் திருத்தாமல் விட்டது பெரியம்மா ஒருவரைத்தான்.

பெரியம்மா அம்மாவின் தமக்கை. பெரியப்பா நான் பிறப்பதற்கு முன்பே நோயில் போய்விட்டார். அதன் பிறகு பெரியம்மாவும் அவருடைய ஒரே மகனும் எங்களோடுதான் இருந்தார்கள். அந்த மகனை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். அவரைப் பற்றி எனக்குச் சொந்தமாக இருக்கும் நினைவு மிகக் கொஞ்சம். சைக்கிள் பாரில் என்னை இருத்திக்கொண்டு ஒழுங்கை முழுக்க மணி அடித்துக்கொண்டு போவார். மிச்சமெல்லாம் பெரியம்மா சொல்லிக் கேட்டவை. எனக்கு நாலு வயதாக இருந்தபோது ஒரு மத்தியானம், சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப்போட அண்ணை சந்திக்கடைக்குப் போனார். சோறு ஆறுகிறது என்று பெரியம்மா சொல்ல, வாசல் படலையடியில் நின்று "இந்தா வந்திட்டன் அம்மா" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாராம். கடையில் ஒட்டுப்போட்டு முடிகிற நேரம் மோட்டார்சைக்கிள்களில் சிலர் வந்தார்கள், ஏதோ விசாரிக்கவேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான் கடைக்காரருக்குத் தெரியும். சைக்கிளை அவர்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தார்.

பெரியம்மா ஏறாத படி இல்லை. முகாம் வாசல்கள், யாழ்ப்பாணத்து அரசாங்கக் கந்தோர்கள், கொழும்பு, பிறகு விசாரணைக்கு வந்தவர்கள், பிறகு அவர்களை விசாரிக்க வந்தவர்கள். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

இந்தக் காலத்தில்தான் எந்த இலக்கண நூலிலும் இல்லாத ஒரு விதி எங்கள் வீட்டில் உண்டாயிற்று. அண்ணையை இறந்தகாலத்தில் வைத்துக் கதைக்கக்கூடாது. அவர் போன அந்த ஒரு நாளில் நடந்தவற்றை வேண்டுமானால் நடந்ததாகச் சொல்லலாம். அவருக்குப் பிடித்தது, அவருடைய குரல், அவருடைய குணம் எதுவும் முடிந்துபோனவையாக வாயிலிருந்து வரக்கூடாது. ஒருமுறை கோயிலிலிருந்து ஒரு மனிசி ஆறுதல் சொல்ல வந்து, "உங்கடை மகன் என்ன வடிவாப் பாடினவன்" என்று தொடங்கினார். பெரியம்மா தேத்தண்ணிக் கோப்பையை அவர் கையில் கொடுத்தபடியே "பாடுவான்" என்றார். கோபமே இல்லை, அப்பா எங்கள் கட்டுரையைத் திருத்துவது போலத்தான் சொன்னார். மனிசி தேத்தண்ணியை அரைவாசியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு இந்த விதி கஷ்டமாக இருக்கவில்லை. நான் கதைக்கப் பழகியதே அதற்குள்தான். அண்ணைக்கு ஒடியல்கூழ் பிடிக்கும், அண்ணை இருட்டுக்குப் பயப்படுவார், அண்ணைக்கு என்னில் நல்ல விருப்பம். இப்படி அவர் எங்கள் வீட்டில் நிகழ்காலத்தில் இருந்துகொண்டிருந்தார், ஆளைத்தான் காணக்கிடைக்கவில்லை.

எனக்கு எட்டு வயதான வருடம், யுத்தம் முடிந்து கொஞ்சக் காலம் போயிருந்தது, ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டு கோயிலில் நத்தாருக்கு, கிறிஸ்து பிறப்புக்கு, ஒளிவிழா வைப்பதென்று முடிவாயிற்று. எங்கள் ரீச்சருக்கு ஒரு புது யோசனை வந்தது. எல்லா வருடமும் மாட்டுக்கொட்டிலும் மேய்ப்பரும்தானே, இந்த முறை அதற்கு முன்னால் தீர்க்கதரிசிகளை வரிசையாக நிறுத்துவோம் என்றார். எபிரேயத் தீர்க்கதரிசிமார் ஒவ்வொருவராக வந்து, மேசியா இன்ன ஊரில் பிறப்பார், கழுதையில் ஏறி வருவார் என்று தங்கள் தங்கள் பங்கைச் சொல்லவேண்டும். அதற்குப் பிறகுதான் குழந்தை வரும். பெத்லகேமைச் சொல்லும் மீகாவுக்கும் கழுதையைச் சொல்லும் சகரியாவுக்கும் பெடியன்கள் கிடைத்தார்கள். ஏசாயாவின் பங்குதான் நீளம். பாடமாக்கக்கூடிய பெடியன் ஒருவனும் இல்லாததால் தாடி எனக்கு வந்தது. எரேமியாவும் முதலில் இருந்தார். ராகேல் என்ற தாய் தன் பிள்ளைகளைக் காணாமல் அழுகிறாள், ஆறுதல் சொன்னாலும் கேட்கமாட்டேன் என்கிறாள் என்பது அவருடைய பங்கு. இரண்டாம் ஒத்திகையில், என்னைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த பெரியம்மாவை ரீச்சர் பார்த்தார், பிறகு எரேமியாவை மேய்ப்பனாக மாற்றிவிட்டார். எரேமியாவாக இருந்தவனுக்கு அதில் நல்ல சந்தோசம். மேய்ப்பனுக்குத் தாடி இல்லை.

ஏசாயாவின் பங்கைப் பாடமாக்கும்போதுதான் எனக்கு ஒரு பிழை கண்ணில் பட்டது. தமிழ் வாத்தியாரின் பிள்ளைக்குப் பிழை பிடிப்பது கைவந்த கலை. அன்று பின்னேரம் அம்மா குசினியில் பயற்றம்பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார். பெரியம்மா நிலத்தில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அப்பா வாசற்படியில் இருந்து, சுட்டதில் உடைந்தவற்றைத் தேடித் தின்றுகொண்டிருந்தார்.

"அப்பா, ஏசாயா இயேசுவுக்கு முந்தியோ பிந்தியோ?"

"முந்தி. ஏழுநூறு வருசம் வரும்."

"அப்ப ஏன் 'நமக்கொரு பிள்ளை பிறந்தார்' எண்டு கிடக்குது? 'பிறப்பார்' எண்டெல்லோ வரவேணும்?"

அப்பாவின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது பிழையில்லைப் பிள்ளை, வழுவமைதி. எபிரேயத் தீர்க்கதரிசிமார் கதைக்கிற முறை அதுதான். கடவுள் செய்வார் எண்டு நிச்சயமாத் தெரிஞ்சால், செய்து முடிச்ச மாதிரியே சொல்லுவினம். இன்னும் நடக்கேல்லை, ஆனால் நடந்தது எண்டுதான் சொல்லுவினம். தமிழிலையும் அது இருக்கு. கொம்மா குசினிக்குள்ளை நிண்டு கூப்பிட, நீ கதைப்புத்தகத்தோடை இருந்துகொண்டு என்ன சொல்லுறனி?"

"வந்திட்டன்."

"வந்திட்டியோ?"

"இல்லை."

"ஆனால் வருவாய். நிச்சயமா வருவாய், அதாலை இறந்தகாலத்திலை சொல்லுறாய். ஏசாயாவும் அப்பிடித்தான்."

"சொல்லுறதுதான்," என்றார் அம்மா அடுப்படியிலிருந்து. "எத்தினைதரம் கூப்பிட்டாலும் ஆள் வாறேல்லை."

நான் சிரித்தேன். அப்பாவும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார். தேங்காய் துருவும் சத்தம் நின்றிருந்தது. பெரியம்மா பாதித் தேங்காயைக் கையில் வைத்தபடி அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். உலகத்தில் எத்தனையோ வினைச்சொற்கள் இருக்க, இந்த வீட்டில் அந்தச் சொல்லை உதாரணத்துக்கு எடுத்தது அப்பாவுக்கு அப்போதுதான் உறைத்திருக்கவேண்டும். எழுந்து கிணற்றடிக்குப் போனார். தேவையில்லாமல் இரண்டு வாளி தண்ணீர் அள்ளிக் கத்தரிக்கன்றுகளுக்கு ஊற்றினார்.

பெரியம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அப்ப நிச்சயமெண்டால்தான் 'வந்திட்டன்' எண்டு சொல்லுறதோ பிள்ளை?"

"ஓம் பெரியம்மா. அப்பா சொல்லுறார்."

பெரியம்மா மறுபடியும் தேங்காய் துருவத் தொடங்கினார்.

அந்த வாரமே எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் வந்தது. நத்தாருக்கு முந்திய கிழமைகளில் வீடு வீடாக வைப்பார்கள். முன்விறாந்தையில் பாய் விரித்து அயலட்டம் எல்லாம் இருந்தது. போதகர் இளம் மனிதர், நல்லவர், கொஞ்சம் பகிடியாகப் பேசினால் சனம் கேட்கும் என்று நம்பியவர். எபிரேய சனம் ஒரு ராசாவை எதிர்பார்த்துக் காத்திருந்தது என்று விளக்கினார். குதிரையும் வாளும் படையுமாக வருவான் என்று பார்த்திருக்க, தச்சன் வீட்டுப் பிள்ளையாக வந்தவரை அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

"இண்டைக்கும் யூதசனம் காத்துக்கொண்டுதான் இருக்கு," என்றார். "வந்தவர் வந்திட்டுப் போட்டார். இவை இன்னும் வாசலைப் பாத்துக்கொண்டு இருக்கினம்."

சிலர் சிரித்தார்கள். பெரியம்மா சுவரில் சாய்ந்து இருந்தவர், நிமிர்ந்தார்.

"ஐயா, காத்திருக்கிற சனத்தைப் பகிடி பண்ணக்கூடாது."

சிரித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரியம்மா கூட்டங்களில் வாய் திறப்பதில்லை.

"அந்த ஏசாயாதானே சொன்னவர், அவர் வந்தால் சனம் வாளுகளை எல்லாம் அடிச்சுக் கலப்பைக் கொழுவாக்கும், சண்டையே பழகாது எண்டு. அது நடந்திட்டுதோ? எங்கடை கண்ணுக்கு முன்னாலை என்ன நடந்தது? அதைப் பாத்திட்டு ஒரு சனம், இன்னும் அவர் வரேல்லைப் போலை கிடக்கு, காத்திருப்பம் எண்டு இருந்தால் அதிலை என்ன பிழை?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். போதகர் வேதப்புத்தகத்துக்குள் விரலை வைத்தபடி மூடினார். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை.

"பிழையில்லை அம்மா," என்றார். "நான் அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது. அவர் வந்திட்டார் எண்டு நாங்கள் நம்பிறம். ஆனால் ஏசாயா சொன்ன மிச்சத்துக்கு நாங்களும் காத்துக்கொண்டுதான் இருக்கிறம்."

பிறகு அவர் பிரசங்கக் குரலை விட்டுவிட்டுச் சாதாரணமாகக் கதைத்தார். இயேசுவோடு கூடத் திரிந்தவர்களுக்கே முதலில் ஒன்றும் விளங்கவில்லை என்றார். ராசாவாக வரப்போகிறவர் என்று நம்பியிருந்தவரைப் பிடித்துக்கொண்டுபோய்க் கொன்றுவிட்டார்கள். ஏன் இப்படி நடந்தது என்று தெரியாமல், அவர்கள் பழைய தீர்க்கதரிசிமாரின் புத்தகங்களைத் திருப்பித் திருப்பித் தேடினார்கள். எல்லாருடைய நோவையும் தான் சுமந்துகொண்டு, வெட்டக் கொண்டுபோகும் ஆட்டுக்குட்டி மாதிரி வாய் திறவாமல் போன ஒருவரைப் பற்றி ஏசாயா சொல்லியிருந்தார். அதுவரை கண்ணில் படாத அந்த இடம் அப்போதுதான் பட்டது. அதை வைத்துத்தான் தங்களுடைய ஆளை அவர்கள் விளங்கிக்கொண்டார்கள்.

பெரியம்மா கேட்டார்:

"பிள்ளை போன பிறகு தாய் இருந்து, அவன் முந்திச் சொன்னது செய்தது எல்லாத்தையும் திருப்பித் தேடுற மாதிரியோ?"

"ஓம் அம்மா. அப்பிடித்தான்."

"நானும் தேடிப் பாத்திட்டன் ஐயா. அந்தக் கிழமை முழுக்க அவன் என்னென்ன கதைச்சவன் எண்டு. ஏதும் தெரிஞ்சு சொன்னவனோ எண்டு. ஒண்டுமில்லை. கடைசியா 'வந்திட்டன்' எண்டது மட்டும்தான்."

போதகர் ஜெபம் பண்ணத் தொடங்கினார். எழுவாய் எங்கேயோ பயனிலை எங்கேயோ போனது. நான் ஒற்றைக் கண்ணால் அப்பாவைப் பார்த்தேன். அவர் நெற்றி சுருங்கவில்லை.

சனியன் பிடித்தது போல அடுத்த நாளே கிராம சேவையாளர் வந்தார். பதவியின் பெயர் மாறினாலும் ஊர் அவரை விதானையார் என்றுதான் சொல்லும். அவரும் கெட்ட மனிதர் அல்ல. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கதிரை நுனியில் இருந்தார். காணாமல்போன கன பேரின் வீட்டார் மரணச் சான்றிதழ் எடுத்துவிட்டார்கள், நீங்களும் எடுத்தால் ஒரு முடிவுக்கு வரலாம் என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

"ஆர் கண்டது?" என்று பெரியம்மா கேட்டார்.

"அப்பிடி ஒருத்தரும்..."

"நான் கண்டனான் எண்டு ஒராள் வந்து சொல்லட்டும் தம்பி. அண்டைக்கு எடுக்கிறன்."

விதானையார் போய்விட்டார். பெரியம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அடுத்த நாளும் சாப்பாட்டுக் கோப்பையில் போட்ட சோறு போட்டபடி இருந்தது. பெரியம்மா எப்போதும் மெலிந்தவர்தான். அந்தக் கிழமையில் கைவளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கக் கண்டேன். எனக்குப் பயமாக இருந்தது. அம்மா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"அக்கா ஒண்டில் முழுசா நம்பவேணும், இல்லாட்டில் விட்டிடவேணும். ரண்டுக்கும் நடுவிலை நிண்டு உருகுறா. இப்பிடியே போனால் ஆள் மிஞ்சாது."

முழுசாக நம்பவேண்டும். அம்மா சொன்ன இரண்டில் எனக்குப் பிடித்தது அதுதான். அதற்கு வழியும் எனக்குத் தெரிந்திருந்தது. இவ்வளவு காலமும் எங்கள் வீட்டில் எல்லோரும் அண்ணை வருவார், வருவார் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 'வருவார்' என்றால் வரலாம், வராமலும் விடலாம். ஏசாயா அப்படியா சொன்னார்? பிறப்பார் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் ஏழுநூறு வருடம் போனாலும் யார் நம்பியிருப்பார்கள்? அண்ணைக்கு இதுவரைக்கும் ஒரு தீர்க்கதரிசி கிடைக்கவில்லை என்பதுதான் குறை என்று எனக்குத் தோன்றியது. எட்டு வயதில் அது எனக்கு அவ்வளவு தெளிவாக இருந்தது.

ஒளிவிழா சனிக்கிழமை பின்னேரம் வைத்தார்கள். கோயில் நிறைந்திருந்தது. பிள்ளைகள் கத்த, மைக் கூவ, சவுக்கங்கிளையில் கட்டிய நத்தார் மரம் ஒரு பக்கம் சரிந்து நின்றது. அப்பாவின் வேட்டியை எனக்குத் தோளிலிருந்து கால்வரை சுற்றி, ரீச்சர் பஞ்சைப் பசையில் தோய்த்து நாடியில் ஒட்டிவிட்டார். தோல் அரித்த கடியோ சொல்லி முடியாது. பெரியம்மா வர மறுத்துக்கொண்டிருந்தார். நான் அழுது அடம்பிடித்த பிறகுதான் வந்தார். பக்கக் கதவை ஒட்டிய மர வாங்கில், வீதி தெரியும்படி இருந்தார்.

மீகா வந்து பெத்லகேமைச் சொன்னார். சகரியா பாதியில் மறந்து, கழுதை என்ற சொல்லை மட்டும் மூன்றுமுறை சொல்லிவிட்டுப் போனார். சனம் சிரித்து ஓய்ந்தபோது என் முறை வந்தது. மைக்கை எட்டுவதற்காக வைத்திருந்த பெட்டியில் ஏறினேன். இருட்டில் நடந்த சனத்துக்கு வெளிச்சம் கிடைத்ததைச் சொன்னேன், பிள்ளை பிறந்ததைச் சொன்னேன், மகன் தரப்பட்டதைச் சொன்னேன். ஒரு ஒற்றுக்கூடப் பிழைக்கவில்லை. முன்வரிசையில் அப்பாவின் உதடு என்னோடு கூடவே அசைந்தது. சனம் கைதட்ட ஆயத்தமாயிற்று.

நான் இறங்கவில்லை. பெரியம்மாவைப் பார்த்தேன், அதே தீர்க்கதரிசிக் குரலில் சொன்னேன்:

"எங்கடை அண்ணை வந்திட்டார்."

மைக் அதை வீதிவரைக்கும் கொண்டுபோனது. முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. பிறகு எல்லாத் தலையும் ஒன்றாகப் பக்கக் கதவுப் பக்கம் திரும்பியது. பெரியம்மா எப்போது எழுந்தார் என்று நான் காணவில்லை. நான் காணும்போது அவர் வாசலைத் தாண்டியிருந்தார். சேலைத்தலைப்புத் தரையில் இழுபட, இருபது வருடம் குறைந்தவர் மாதிரி ஓடினார். நான் சொன்னேன், பெரியம்மா நம்பிவிட்டார். பெட்டியிலிருந்து குதித்து வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன். எனக்குப் பின்னால் அப்பா வந்தார்.

பெரியம்மா கோயில் படலையைப் பிடித்துக்கொண்டு வீதியில் நின்றார். சந்திப் பக்கம் பார்த்தார். மற்றப் பக்கம் பார்த்தார். மறுபடியும் சந்திப் பக்கம் பார்த்தார். ஒரு மாட்டுவண்டிகூட இல்லை. வெங்காயத் தோட்டங்களுக்கு மேலே வெயில் சாய்ந்து கிடந்தது.

"எங்கை பிள்ளை? எங்கை நிக்கிறான்? ஆர் வந்து சொன்னது?"

மூச்சு வாங்கியதில் சொற்கள் உடைந்து உடைந்து வந்தன. நான் பெருமையோடு சொன்னேன்:

"ஒருத்தரும் வந்து சொல்லேல்லைப் பெரியம்மா. நான்தான் ஏசாயா மாதிரிச் சொன்னனான். நிச்சயமெண்டால் வந்திட்டார் எண்டுதானே சொல்லவேணும். அப்பாவைக் கேளுங்கோ."

அப்பா அதைக் கேட்டுக்கொண்டுதான் வந்து சேர்ந்தார். "அக்கா" என்றார். ஊருக்கெல்லாம் சொல் எடுத்துக் கொடுத்த மனிதர், வாயைத் திறந்து மூடினார். அவ்வளவுதான்.

பெரியம்மா எனக்கு ஏசவில்லை. அடிக்கவும் இல்லை. மதகுக் கட்டில் உட்கார்ந்து, என்னைப் பக்கத்தில் இழுத்து, நாடியில் ஒட்டியிருந்த பஞ்சைச் சேலைத்தலைப்பால் மெல்ல மெல்ல எடுத்துவிடத் தொடங்கினார். பசை காய்ந்துபோயிருந்தது. நோகாமல் எடுப்பதற்காக எச்சில் தொட்டுத் தொட்டு எடுத்தார். அந்த ஓட்டத்திலும் அந்த வெறும் வீதியிலும் அவருக்கு என்ன தெரிந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. எத்தனை கந்தோர் ஏறியும் தெரியாத ஒன்று அன்று தெரிந்திருக்கவேண்டும்.

பாண் வாங்கிக்கொண்டு சைக்கிளில் வந்த ஒரு பெடியன், நடுவீதியில் வேட்டி சுற்றிய பிள்ளையையும் அழுகிற வாத்தியாரையும் கண்டு காலை ஊன்றி நின்றான். யாரோ ஊருக்குப் புதியவன்.

"என்னம்மா, ஆரையும் தேடுறியளோ?"

பெரியம்மா அவனை நிமிர்ந்து பார்த்தார். முகத்தை, கையை, சைக்கிளை, எல்லாவற்றையும் பார்த்தார்.

"இல்லை ராசா. ஒருத்தரையும் தேடேல்லை," என்றார். "எனக்கு உன்னளவிலை ஒரு பிள்ளை இருந்தவன்."

பெடியன் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை மிதித்தான். அப்பா படலைத் தூணில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கினார். சந்தோசத்தில்தான் அழுகிறார் என்று நினைத்தேன். நினைக்காமல் என்ன செய்வேன்? இருந்தவன். பெரியம்மா தன் வாயால் சொன்னார். நாலு வருடமாக இருக்கிறான், பாடுவான், வருவான் என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தவர், முதல்முறையாக ஏசாயா மாதிரிச் சொல்லிவிட்டார். இனி அண்ணை வருவதற்கு என்ன தடை?

பாதித் தாடியோடு கோயிலுக்குள் திரும்பி ஓடினேன். ஒருவரும் இருந்த இடத்தை விட்டு அசைந்திருக்கவில்லை. அம்மா மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு வெட்டிவைத்த கேக் தட்டைக் கையில் ஏந்தியபடி, பக்கக் கதவை நோக்கி வந்துகொண்டிருந்தார். நான் அவருடைய சேலையைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னேன்:

"அம்மா, பெரியம்மா முழுசா நம்பீட்டா. அண்ணையை இறந்தகாலத்திலை சொல்லிப்போட்டா."

அம்மாவின் கையிலிருந்த தட்டை ரீச்சர் வாங்கிக்கொண்டார். அம்மா என் தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே வாங்கில் இருந்துவிட்டார். மைக்கில் யாரோ மூச்சுவிடுவது கேட்டது. முன்வரிசைக் கிழவிகள் ஒவ்வொருவராகச் சேலைத்தலைப்பை வாயில் வைத்தார்கள். இவ்வளவு பெரிய நற்செய்தியைக் கொண்டு ஓடிவந்தும் ஒருவர்கூடச் சிரிக்கவில்லையே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.